இரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீடு: தரையில் உட்கார்ந்து எழுதிய வழிகாட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வந்தது. நான்கு நிமிடம் பேசியிருப்பேன். திரும்பி வந்தால் என் மகள் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடை தட்டிக்கொண்டிருக்கிறாள். அரைக்கிலோ கேழ்வரகு மாவு, தேங்காய் எண்ணெய், பூஜை அலமாரியில் இருந்த விபூதி, கொஞ்சம் எச்சில். ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்ததால் மாவு ஹாலைத் தாண்டி வாசல்வரை போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "அப்பா, ஆ!" என்று ஒரு உருண்டையை நீட்டினாள்.

அதைச் சாப்பிட்டேனா இல்லையா என்பது இங்கே வேண்டாம்.

அவளுக்கு இரண்டேகால் வயது. திருச்சியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. நான், மனைவி, ஆறு மாதமாக எங்களோடு இருக்கும் மாமியார். மூன்று பெரியவர்கள் சேர்ந்தும் ஒரு பிள்ளைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து சில வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று கற்றுக்கொண்டேன், அநேகமாக எல்லாவற்றையும் ஒரு தடவை தப்பாகச் செய்த பிறகு. அந்த வரிசைதான் இது.

படி 1: முட்டி போட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்

நின்றபடி பார்த்தால் வீடு ஒழுங்காகத்தான் தெரியும். பிள்ளை தூங்கும்போது முட்டி போட்டு எல்லா அறையையும் ஒரு சுற்று வாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 85 செ.மீ. எக்கிக் கையை நீட்டினால் சமையல் மேடையின் விளிம்பு எட்டும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்துவிட்டால் அப்புறம் எட்டாதது பரண் மட்டும்தான்.

நான் சுற்றியபோது சோபாவுக்கு அடியில் இரண்டு ஊக்கு, கட்டிலுக்குக் கீழே அத்தையின் பிரஷர் மாத்திரை ஒன்று, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ் கிடைத்தன. அந்தச் சாக்பீஸைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. முந்தைய வாரம்தான் அவளுக்கு எழுதச் சாக்பீஸ் டப்பா வாங்கிக் கொடுத்திருந்தேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. அவளுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளை செய்யும் எல்லாவற்றையும் இரண்டு கூடைகளில் போட்டுவிடலாம்: துடைத்தால் போவது, துடைத்தாலும் போகாதது. மாவு, எண்ணெய், சாம்பார், சுவர்க் கிறுக்கல் எல்லாம் முதல் கூடை. அதற்குக் கத்துவது வீண். இரண்டாவது கூடையில் இருப்பவை கொஞ்சம்தான். நம் கவனம் முழுக்க அங்கே போக வேண்டும்.

அந்தக் கூடையில் முதலில் வருவது குளியலறை வாளி. இந்த வயதில் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் அப்படித்தான், சத்தமும் வராது. தண்ணீர் வராத நாளுக்கு என்று வாளி, அண்டா, டிரம் எல்லாம் நிரப்பி வைக்கிற ஊர் நம்முடையது. நிரப்புங்கள், ஆனால் மூடியைப் போட்டுக் குளியலறைக்கு வெளியே, உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். எங்கள் வீட்டில் செலவழித்த பணத்திலேயே உருப்படியான பணம் அந்தத் தாழ்ப்பாளுக்குப் போனதுதான்.

அடுத்தது ஃபினாயில். தெருவில் கூவி விற்பவரிடம் வாங்கினால் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோதான் வரும். பிள்ளைக்கு அது பால் மாதிரி அல்லது ஜூஸ் மாதிரி. ஆசிட்டும் அப்படியே. பாட்டிலோடு பரணுக்குப் போக வேண்டியவை இவை. ஒருவேளை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது வெந்த தொண்டை ஏறும்போது இன்னொரு தடவை வேகும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐ மனப்பாடம் செய்ய வேண்டிய வயது பிள்ளையுடையதல்ல, பாட்டியுடையது.

பூஜை அலமாரியில் கற்பூரம் இருக்கும். கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். துணி அலமாரியில் அந்துருண்டை இருக்கும், புதினா மிட்டாய் போலவே. கொசு விரட்டும் திரவ பாட்டில், மண்ணெண்ணெய், தைலம், பெரியவர்களின் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

பிறகு பட்டன் பேட்டரி. எடை பார்க்கும் இயந்திரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சின்ன ரிமோட், திருவிழாவில் வாங்கும் லைட் எரியும் பொம்மை, எல்லாவற்றிலும் இருக்கும். பெரியது 20 மி.மீ. அகலம். உணவுக்குழாயில் மாட்டினால் எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அங்கே புண்ணாக்கிவிடும். "நாளைக்கு வெளியே வந்துடும்" என்று காத்திருக்கக் கூடாத பொருள் இது. விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு ஓடுங்கள்.

சரி, பயமுறுத்தியது போதும். இதற்கப்புறம் முக்கால்வாசி முதல் கூடைதான்.

படி 2: கீழ்த்தட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்

சமையலறையில் கீழ்த்தட்டு ஒன்றைக் காலி செய்து, அதைப் பிள்ளையின் பெயருக்கே பட்டா போட்டுவிடுங்கள். எவர்சில்வர் டம்ளர், மூடி சேராத டப்பா, பழைய கரண்டி, ஆட்டிப் பார்க்கத் தகுந்த ஒரு பூட்டு, நசுங்கிய புட்டுக்குழல். காசு கொடுத்து வாங்கிய பொம்மை ஹாலில் அநாதையாகக் கிடக்கும். இந்தத் தட்டுக்கு முன்னால் மட்டும் அரைமணி நேரம் ஓடும்.

டம்ளரைத் தட்டிவிடுவாள். எடுத்துக் கொடுப்பீர்கள். மறுபடி தட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். இருபது தடவை. இது வேண்டுமென்றே செய்கிற குறும்பு என்றுதான் நினைத்தேன். சுவிஸ் நாட்டு ஆய்வாளர் ஜான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகள் மூவரையும் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவர். 12 முதல் 18 மாதத்துக்குள் பிள்ளைகள் ஒரே செயலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் செய்து, ஒவ்வொரு தடவையும் என்ன ஆகிறது என்று பார்ப்பதை அவர் தனிக் கட்டமாகவே சொல்கிறார். இங்கிருந்து போட்டால் என்ன சத்தம், அங்கிருந்து போட்டால் என்ன சத்தம், அப்பா எப்போது கத்துவார். நம் வீட்டில் நடப்பது பரிசோதனை. நாம் அதில் ஒரு உபகரணம். இதைப் படித்த பிறகும் இருபதாவது தடவை எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

படி 3: சத்தம் நின்றால் எழுந்திருங்கள்

எங்கள் வீட்டில் அபாய மணி கிடையாது. அத்தை உண்டு. "மாப்பிள்ளை, சத்தமே இல்ல. போய்ப் பாருங்க" என்பார். அவர் சொல்லி நான் போய், ஒன்றும் நடக்காமல் இருந்ததே இல்லை. அழுகை, இரைச்சல், டம்ளர் உருளும் ஓசை எல்லாம் நலம் என்று அர்த்தம். நிமிடக்கணக்கில் அமைதி என்றால் ஒன்று தூங்கிவிட்டாள்; இல்லை, கையில் ஏதோ டப்பாவின் மூடி திறந்துவிட்டது.

போகும்போது கத்திக்கொண்டே போகாதீர்கள். கத்தினால் கையில் இருப்பது வாய்க்குள் போய்விடும். அது என்ன என்று கண்டுபிடிக்க அப்புறம் தனியாக ஒரு போராட்டம்.

படி 4: துடைப்பதற்கு முன் என்ன சிந்தியது என்று பாருங்கள்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். எது சிந்தினாலும் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆண்பிள்ளைகளின் பொதுவான வழக்கம் என்று மனைவி சொல்கிறாள். என்னைப் பொறுத்தவரை உண்மை.

மாவு கொட்டினால் முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. இரண்டாவது, தண்ணீரைக் கிட்டே கொண்டுவராமல் இருப்பது. கேழ்வரகு மாவிலும் கோதுமை மாவிலும் தண்ணீர் பட்டால் பசை. மொசைக் தரையின் இடுக்கில் அது காய்ந்துவிட்டால் கத்தியால்தான் சுரண்ட வேண்டும். பூந்துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி அள்ளுங்கள். கடைசி மெல்லிய படலத்துக்குத்தான் ஈரத்துணி. முகப் பவுடர் கொட்டினாலும் இதே முறை, ஆனால் பிள்ளையை முதலில் அறையைவிட்டு வெளியே எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல.

எண்ணெய் கொட்டினால் தலைகீழ் வரிசை: முதலில் பிள்ளையைத் தூக்க வேண்டும், நாமும் வழுக்கி விழாமல். பிறகு பழைய செய்தித்தாளைப் போட்டு ஊற விடுங்கள். அப்புறம் கடலை மாவையோ சீயக்காய்த் தூளையோ தூவி, பத்து நிமிடம் கழித்துக் கூட்டினால் பிசுபிசுப்பு போய்விடும். தலை முழுக்க எண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டால்? அதற்கும் இதே சீயக்காய்தான். எண்ணெய்க் குளியலுக்குச் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள் என எண்ணிக்கொள்ளுங்கள்.

இட்லி மாவு கவிழ்ந்தால் தோசைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு உடனே தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். காயவிட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். சோற்றுப் பருக்கைக்கு நேர்மாறு: ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தரை முழுக்க இழுபடும். ஒரு மணி நேரம் காயவிட்டுக் கூட்டினால் மணிமணியாக வந்துவிடும். "அதுக்குள்ள எறும்பு வந்துடும் மாப்பிள்ளை" என்பது அத்தையின் கட்சி. "வந்தா அதுவே எடுத்துட்டுப் போயிடும் அத்தை" என்பது என்னுடையது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பால், முட்டை இரண்டும் துணியில் பட்டால் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் அதில் உள்ள புரதம் வெந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

சாம்பார்க் கறைக்கு வருவோம். வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சளைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் இரத்தச் சிவப்பாக மாறியபோது சட்டை போயே போய்விட்டது என்று நினைத்தேன். அத்தை சிரித்தார். "ஆரத்தி கரைச்சதே இல்லையா மாப்பிள்ளை?" மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் ஏன் சிவக்கிறதோ அதே காரணம்தான் இங்கேயும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பிலும் காரம் இருக்கிறது. நன்றாக அலசினால் சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். அதற்குமேல் தேய்க்காதீர்கள், நல்ல வெயிலில் போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். திருச்சி வெயிலுக்கு ஒரு நாள், பிடிவாதமான கறை என்றால் இரண்டு மூன்று நாள். எந்தக் கறை நீக்கியும் இந்த வெயிலுக்கு நிகரில்லை. இந்த ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தையும் இதுதான்.

போன் வாளிக்குள் விழுந்தால் உடனே எடுத்து அணைத்துவிட்டு, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம். அரிசித் தூசியும் குருணையும் சார்ஜ் போடும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். எங்கள் போன் அரிசிக்குள் போனது உண்டு, தண்ணீரில் விழாமலேயே. அதைப் புதைத்தவள் அவள்.

படி 5: சுவரில் என்ன பெயின்ட் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

வாடகை வீட்டுக்காரர்கள் கவனமாகப் படியுங்கள். உங்கள் அட்வான்ஸ் இதில் இருக்கிறது.

எமல்ஷன் அடித்த சுவர் என்றால் பெரிய கவலையில்லை. கிரேயான் கோட்டை, ஈரத்துணியில் கொஞ்சம் ஆப்ப சோடாவைத் தொட்டு மெல்லத் தேய்த்தால் போய்விடும். பால்பாயின்ட் பேனாவுக்குக் கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுக்கலாம். எதையும் முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் செய்து பாருங்கள். சாதாரண டிஸ்டெம்பர் அடித்த சுவரில் இந்த வித்தை செல்லாது. கிறுக்கலோடு சுவரின் நிறமும் கையோடு வந்துவிடும். எங்கள் ஹாலில் ஒரு நீலக்கோடு இருந்த இடத்தில் இப்போது இட்லி அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது. அதற்குமேல் மாதக் காலண்டர். ஹவுஸ் ஓனர் வந்தால், இவ்வளவு தாழ்வாக ஏன் காலண்டர் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார். "பாப்பாவுக்குத் தேதி தெரியட்டும்னுதான் சார்."

அந்தக் காலண்டரில்தான் தீர்வும் இருக்கிறது. ஜனவரி பிறந்தால் மளிகைக்கடை, நகைக்கடை, துணிக்கடை என்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். முடிந்த மாதத்தாள்களின் பின்பக்கம் பெரிதாக, வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். சுவரில் டேப் போட்டு ஒட்டினால் பெயின்ட் உரியும். ஜன்னல் கம்பியில் துணி கிளிப்பால் மாட்டிவிடுங்கள். மேஜையைவிடச் செங்குத்தான பரப்பில் கிறுக்குவதில்தான் அவளுக்கு ஆர்வம். சுவரைத் தேடிப் போவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

படி 6: சோறு

"பிள்ளை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது." இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ஒலிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளுக்குள் ஏறத்தாழ 9 கிலோ ஆகிவிடுகிறது, மூன்று மடங்கு. அடுத்த ஒரு வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி நிதானமாகிவிட்டதால் பசியும் குறைகிறது. புதிதாக எதைப் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வதும் இந்த வயதுக்கே உரியது. பீட்ரூட்டை ஒரு தடவை துப்பினாள் என்றால் பிடிக்கவில்லை என்று எழுதி வைத்துவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் தொடவே மனம் வரும். எங்களுக்குக் கத்தரிக்காய் இன்னும் கணக்கில் நிற்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். கீழே ஒரு பழைய நூல் புடவையை விரித்து அதன் நடுவில் உட்கார வையுங்கள். முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி மாடியில் உதறினால் காக்காய்க்கும் ஆச்சு. விளிம்பு உயர்ந்த தட்டில் கொஞ்சமாகப் போடுங்கள். அவள் கையில் ஒரு ஸ்பூன், உங்கள் கையில் ஒன்று. அவளுடையது காது, மூக்கு, தலை என்று சுற்றுலா போகட்டும். உங்களுடையது வேலையைப் பார்க்கும். இருபது நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள். ரசம் சாதம் கொடுக்கும் நாளில் சட்டை போட்டு விடாதீர்கள். குளிப்பாட்டுவதைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் ஒரு வேலை மிச்சம்.

முழு நிலக்கடலை, முழு திராட்சை, கெட்டியான மிட்டாய், முறுக்குத் துண்டு ஆகியவை இரண்டாவது கூடை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள். தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமினால் இருமவே விடுங்கள். அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. சத்தமே வரவில்லை, மூச்சு இல்லை என்றால், முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி ஐந்து அழுத்து. இது ஒரு வயது தாண்டியவர்களுக்கு. கைக்குழந்தைக்கு முறை வேறு. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே போகும். எழுத்தில் படிப்பது போதாது. தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

போனைக் காட்டி ஊட்டலாமா என்பதில் எங்கள் வீட்டில் சண்டையே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. நான் இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் பால்கனிக்குத் தூக்கிப் போய், "அதோ பாரு பஸ்ஸு, டிரைவர் மாமாவுக்கு ஒரு வாய்" என்று அரைத் தட்டைக் காலி செய்துவிட்டு வந்தார். எனக்குத்தான் அந்த வித்தை வருவதில்லை. நான் ஊட்டும்போது பஸ்ஸே வருவதில்லை.

படி 7: துளைகளை எண்ணுங்கள்

மூக்கில் இரண்டு, காதில் இரண்டு, வாய் ஒன்று. பிறகு வீட்டில் உள்ளவை. எந்தத் துளைக்குள் எது போகும் என்பது அவளுடைய அடுத்த ஆராய்ச்சி. அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஏறத்தாழ 3.2 செ.மீ. அகலமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள்; அதற்குள் முழுதாகப் போகும் பொருள் எதையும் விற்கக் கூடாது. நம் ஊர் நாணயம் எல்லாமே அதற்குள் போய்விடும், 10 ரூபாய் உட்பட. பிள்ளையார் உண்டியலை உயரத்தில் வைத்தோம்.

ஒரு நாள் பொட்டுக்கடலை மூக்குக்குள் போனது. நான் கிளிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி தடுத்தாள், நல்லவேளை. கிளிப்போ ஹேர்பின்னோ விட்டால் பொருள் இன்னும் உள்ளே போகும். தண்ணீரும் விடக்கூடாது, பருப்பு வகை ஊறிப் பெரிதாகிவிடும். டாக்டரிடம் போனில் கேட்டபோது அவர் சொன்ன முறைக்கு அம்மா முத்தம் என்றே பெயராம். 1965-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கும் துளையை விரலால் மூடிக்கொண்டு, பிள்ளையின் வாயைச் சுற்றி நம் வாயைப் பொருத்திச் சட்டென்று ஊத வேண்டும். மனைவி ஊதினாள். பொட்டுக்கடலை அவள் கன்னத்தில் வந்து ஒட்டியது. எல்லோருக்கும் இப்படி முதல் தடவையே வரும் என்று சொல்ல முடியாது. வராவிட்டால் ஆஸ்பத்திரி. உள்ளே போனது பட்டன் பேட்டரி என்றால் இந்த முயற்சியே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

வெளியே வந்ததும் அவள் கேட்டது: "இன்னும் ஒண்ணு?"

படி 8: ஜட்டி

"நாங்கல்லாம் ஆறு மாசத்துலயே கால்மேல உக்காரவெச்சுப் பழக்கிட்டோம்" என்பார் அத்தை. இருக்கலாம். எங்களால் முடியவில்லை. பிள்ளை இரண்டு மணி நேரம் ஈரமாகாமல் இருக்கிறாளா, வரும்போது திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிகிறாளா, நனைந்ததும் இழுத்துக் காட்டுகிறாளா என்று பாருங்கள். இவை தெரிந்தால் ஆரம்பிக்கலாம். கோடை நல்ல காலம். ஈரத்துணி அரைமணியில் காயும்.

இனி நான் சொல்லப்போவது சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களுக்கல்ல. ஒரு மத்தியானம் படி 3-ஐ மீறினேன். தூங்குகிறாள் என்று நம்பி இருபது நிமிடம் உள்ளே போகவில்லை. போனபோது டயப்பர் தலையணைமேல் இருந்தது. உள்ளே இருக்க வேண்டியது கட்டில் கம்பி, சுவர், கரடி பொம்மை என்று சீராகப் பூசப்பட்டிருந்தது. இந்த நிலையில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் பிள்ளையின் இரண்டு கையையும் பிடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்து உங்கள் முகம். கை நீள தூரத்தில் தூக்கிப்பிடித்தபடி நேராகக் குளியலறை, கதவைச் சாத்திக் குளியல். பிள்ளை சுத்தமான பிறகுதான் அறை. கெட்டியானதைக் காகிதத்தால் எடுத்த பின்பே தண்ணீர். பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காதைக் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். எதிர்வீட்டு அம்மா இரண்டு நாள் அந்தக் கரடியைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மத்தியானத் தூக்கத்துக்கு டயப்பரைப் பின்பக்கம் முன்னால் வரும்படி திருப்பிப் போட்டு, மேலே இறுக்கமான ஜட்டி.

மெத்தையில் ஒண்ணுக்குப் போனால் தேய்க்காமல் காய்ந்த துணியை வைத்து மேலே ஏறி நின்று அழுத்துங்கள். ஃபோம் மெத்தை என்றால் ஆப்ப சோடா தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிடலாம். இலவம்பஞ்சு மெத்தைக்குத் தண்ணீரே காட்டாதீர்கள், மொட்டை மாடி வெயில்தான். ரப்பர் ஷீட்டை இரண்டு அடுக்காக விரியுங்கள்: ஷீட், துணி, மறுபடி ஷீட், துணி. நடுராத்திரியில் மேல் அடுக்கை மட்டும் உருவிப் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

படி 9: அப்பளம் உடைந்தால்

நான் அப்பளத்தை இரண்டாக உடைத்துக் கொடுத்தேன். நல்லெண்ணத்தில்தான். அவள் அதை ஒட்டித் தரச் சொன்னாள். ஒட்ட முடியாது என்றேன். புது அப்பளம் பொரித்துக் கொடுத்தாள் அவள் அம்மா. அது இல்லையாம், அதேதான் வேண்டுமாம். நாற்பது நிமிடம். தரையில் புரண்டதில் இரண்டு அப்பளமும் தூளாகி, அப்புறம் அந்தத் தூளை ஒட்டச் சொல்லி.

ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள் இது உச்சம். ஆசை வளர்ந்த அளவுக்குப் பேச்சு வளர்ந்திருக்காது. அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாதீர்கள், காதில் விழாது. தலையை இடித்துக்கொள்ளாத இடமாகப் பார்த்து விட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். "அப்பளம் உடைஞ்சிடுச்சு. பாப்பாவுக்குக் கோவம்." அவ்வளவுதான் வசனம். அழுகை இறங்கும்போது தண்ணீர் கொடுங்கள். கடைத்தெருவில் நடந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பார்ப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், எல்லோருக்கும் தலையாட்டுங்கள்.

"ஊசி போடச் சொல்லிடுவேன்", "பூச்சாண்டிகிட்ட குடுத்துடுவேன்" இரண்டும் எங்கள் வீட்டில் தடை. பூச்சாண்டியால் நஷ்டமில்லை, ஆனால் டாக்டர் நமக்கு அடுத்த வாரமே தேவைப்படுவார்.

வெளியே கிளம்பும்போது "நானே" என்பாள். செருப்பு நானே, பட்டன் நானே, படி நானே. பதினைந்து நிமிடம் முன்னாடியே கிளம்பத் தொடங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செருப்பு இடது வலது மாறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 10: ராத்திரி அறுவடை

இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். எங்களுடையவள் பதினொன்றில் நிற்கிறாள். அவள் தூங்கிய பிறகு வீட்டை முழுக்க ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். ஏழு மணி நேரத்தில் கலைவதற்காக ஒரு மணி நேரம் செலவழிப்பது கட்டுப்படியாகாது. தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கூடையில் அள்ளிப் போடுங்கள். இரண்டாவது கூடைச் சாமான் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று மட்டும் ஒரு பார்வை. குளியலறைத் தாழ்ப்பாள், கேஸ் வால்வு, வாசல் கதவு. முடிந்தது.

நேற்று ராத்திரி கிடைத்தவை: என் ஷூவுக்குள் அரை இட்லி, வாஷிங் மெஷினுக்குள் அத்தையின் மூக்குக் கண்ணாடி, சோபா இடுக்கில் நான்கு பொட்டுக்கடலை, பிள்ளையாருக்கு முன்னால் மூடி திறந்த பற்பசை, யாருடையது என்று தெரியாத ஒரு சாவி. டிவி ரிமோட் மட்டும் மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. அரிசி டிரம்மில் அடிவரை கைவிட்டுப் பார்க்க வேண்டும்.